உறக்க மூச்சுத்தடை: பல் மருத்துவருக்கும் அதில் பங்குண்டு

"குறட்டை விடுகிறேனாம்" என்றுதான் நோயாளி சொல்வார். "விடுகிறேன்" என்று உறுதியாகச் சொல்பவர் அரிது. தன் குறட்டையைத் தானே கேட்க வாய்ப்பில்லாததால், பிறர் சொல்லித் தெரிந்ததை உணர்த்தும் 'ஆம்' வினையின் இறுதியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மலையாளத்தில் 'அத்ரே' இதே வேலையைச் செய்கிறது. உறக்க மூச்சுத்தடை என்னும் நோயின் அடிப்படைச் சிக்கல் இந்தச் சிறு ஒட்டிலேயே அடங்கியிருக்கிறது. நோய் ஒருவருக்கு, அதன் சாட்சி மற்றொருவர். அருகில் படுத்திருப்பவர் சொல்லாவிட்டால், நோயாளிக்கு நோய் இருப்பதே தெரியாது.

தமிழில் குறட்டை 'விடுகிறார்கள்'. மலையாளத்தில் கூர்க்கம் 'வலிக்கிறார்கள்', அதாவது இழுக்கிறார்கள். உடலியங்கியலின்படி பார்த்தால் மலையாள வினையே உண்மைக்கு நெருக்கமானது. குறட்டை பெரும்பாலும் மூச்சை உள்ளிழுக்கும்போதுதான் எழுகிறது. உள்ளிழுக்கும் விசையில், தசை தளர்ந்த தொண்டைக் குழாய் உள்நோக்கிச் சரிகிறது. ஓரளவு சரிந்தால் ஓசை. முழுதும் மூடிக்கொண்டால் அமைதி. அந்த அமைதிதான் ஆபத்து. காற்றோட்டம் பத்து நொடியோ அதற்கு மேலோ நின்றுபோனால் அதனை ஆப்னியா என்பர். கிரேக்கத்தில் 'மூச்சின்மை' என்று மட்டுமே அச்சொல்லுக்குப் பொருள். தமிழ் நாளிதழ்கள் அதனை 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதிவிடுகின்றன. திணறல் என்பது உணரப்படுவது. ஆஸ்துமாக்காரர் திணறுவதை அவரே அறிவார். இந்த நோயாளியோ பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை. "இரவில் மூச்சுத் திணறுமா?" என்று கேட்டால் "இல்லை" என்றே விடை வரும், அது பொய்யும் ஆகாது.

மூச்சு முழுதாக நிற்பதும் கணிசமாகக் குறைவதும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை நேர்கின்றன என்பதே நோயின் அளவுகோல். ஐந்துக்கு மேற்பட்டால் நோய் இருப்பதாகவும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், 30ஐத் தாண்டினால் கடுமை என்றும் கொள்வர். உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 93.6 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2019இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான ஆய்வு கணித்தது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை, நாட்டில் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும் அவர்களுள் 4.7 கோடிப் பேருக்கு அது நடுத்தர அல்லது கடுமையான நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லாஹிரி மறைந்தபோது மருத்துவமனை தெரிவித்த காரணங்களுள் இதுவும் இடம்பெற்ற பிறகே, இந்தியாவில் பலர் இந்நோயின் பெயரை முதன்முறையாகக் கேள்வியுற்றனர். உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பகல் நேர உறக்கம், அதனால் நேரும் சாலை விபத்து ஆகியவை இதன் துணைவர்கள். தம்பானூரிலிருந்து இரவில் புறப்படும் நெடுந்தூரப் பேருந்தின் ஓட்டுநருக்கு இந்நோய் இருந்தால், அது அவர் ஒருவரின் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

சிகிச்சை என்றவுடன் நினைவுக்கு வருவது சி-பாப் எந்திரம். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளிடம் இதன் பயனை நிறுவிக்காட்டினர். முகமூடி வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி, தொண்டைக் குழாய் சரியாமல் தாங்கிநிற்பதே அதன் வேலை. இன்றும் கடுமையான நோய்க்கு அதுவே முதல் சிகிச்சை. ஆனால் எந்திரம் அணியப்பட்டால்தான் பயன் தரும். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 பேரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட சேவ் ஆய்வில், பங்கேற்பாளர்கள் இரவொன்றுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதனை அணிந்தனர். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைக் குறைப்பதில் அந்த ஆய்வால் பயன் எதையும் காட்ட இயலவில்லை. போதிய நேரம் அணியாததும் அதற்கொரு காரணமாக இருக்கலாம் என்ற விவாதம் தொடர்கிறது. முகமூடியின் இறுக்கம், மூக்கு வறட்சி, ஓசை, மின்வெட்டு, பயணம், பல பத்தாயிரம் ரூபாய் விலை என்று அணியாமைக்குக் காரணங்கள் பல. வாங்கிய எந்திரம் அலமாரிக்குப் போய்விட்டால் நோயாளிக்கு அடுத்து என்ன வழி? இந்த இடத்தில்தான் பல் மருத்துவர் அழைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை.

பல் மருத்துவத்திற்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு உடற்கூறே விடை தருகிறது. நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடையின் உட்புற முன்பகுதியில் வேர்கொண்டுள்ளது. தாடை பின்வாங்கினால் நாக்கும் பின்வாங்கித் தொண்டையை அடைக்கும். தாடை முன்வந்தால் நாக்கும் உடன்வரும். மயக்க மருந்து அளிப்பவரும் முதலுதவி செய்பவரும் நோயாளியின் தாடையை முன்தள்ளி மூச்சுக்கு வழி விடுவது இந்த அடிப்படையில்தான். அதே செயலை இரவு முழுதும் ஒரு கருவியைக் கொண்டு செய்வதே பல் மருத்துவம் தரும் முதன்மையான சிகிச்சை. தாடை சிறுத்த குழந்தைகளின் மூச்சுத் துன்பத்திற்கு இவ்வழியில் தீர்வு காண ஃபிரெஞ்சு மருத்துவர் பியர் ரோபான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முயன்றிருந்தார்.

கருவி மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு பகுதிகளைக் கொண்டது. இரண்டையும் இணைக்கும் அமைப்பைச் சிறிது சிறிதாக நகர்த்தலாம். தாடையை முன்கொண்டுவர இயலும் முழு அளவில் ஏறக்குறைய பாதியிலோ அதற்குச் சற்று மேலோ தொடங்கி, வாரக்கணக்கில் மில்லிமீட்டர் கணக்காக முன்னேற்றுவர். பற்களின் அச்செடுத்து அவரவருக்கென்றே செய்யப்படும் கருவிக்கும், வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதியவைக்கும் கடைச் சரக்குக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இணையத்தில் 'குறட்டைத் தடுப்பான்' என்று விற்கப்படுபவற்றுள் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. குறட்டை நின்றுவிட்டது என்ற நிறைவில் மூச்சுத்தடை கவனிக்கப்படாமல் தொடர்வதே அவற்றால் நேரக்கூடிய பெருந்தீங்கு.

சான்றுகள் என்ன சொல்கின்றன? சிட்னியில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. 108 நோயாளிகள் ஒரு மாதம் சி-பாப் எந்திரத்தையும் ஒரு மாதம் தாடைக் கருவியையும் பயன்படுத்தி முடித்தனர். எந்திரம் மூச்சுத்தடையை மணிக்கு 4.5 ஆகக் குறைத்தது, கருவியால் 11.1 வரையே குறைக்க முடிந்தது. ஆயினும் எந்திரத்தை இரவுக்கு 5.2 மணி நேரமும் கருவியை 6.5 மணி நேரமும் அணிந்ததாக அவர்கள் தெரிவித்தனர். இரத்த அழுத்தம், பகல் உறக்கம் போன்ற முடிவுகளில் கருவி எந்திரத்திற்குப் பின்தங்கவில்லை. ஆற்றல் மிகுந்த சிகிச்சையைக் குறைவாகவும் ஆற்றல் குறைந்த சிகிச்சையை மிகுதியாகவும் பயன்படுத்தினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்திற்கு வந்துசேரும் என்பதே அதன் பாடம். ஒரு மாத ஆய்வு நீண்டகாலத் தீர்ப்பாகாது என்பதும் உண்மை. எந்திரத்தை ஏற்க முடியாதவர்க்கும் மாற்றை விரும்புவோர்க்கும் இத்தகைய கருவியைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்கப் பல் மருத்துவக் கழகமும் 2015இல் கூட்டாக வழிகாட்டின. இந்தியாவின் 2014 ஒருமித்த வழிகாட்டுதலிலும் வாய்க்கருவிகளுக்கு இடமுண்டு.

குறைகளை மறைத்துப் பரிந்துரைப்பது அறமாகாது. கருவி அணிவோரில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கினர்க்குத் தடை முற்றிலும் நீங்குகிறது. மற்றொரு பங்கினர்க்குப் பாதியளவு பலன். எஞ்சிய பங்கினர்க்குக் குறிப்பிடத்தக்க பயனில்லை. யார் எந்தப் பங்கில் விழுவார் என்பதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல இயலாது. நோய் மிதமானவர், எடை குறைந்தவர், மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை மிகுபவர், தாடை பின்தங்கியவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஈறு நோயால் பற்கள் ஆடுபவர்க்கும் தாடை மூட்டில் வலியுள்ளவர்க்கும் இது பொருந்தாது. தாங்குவதற்குப் போதிய பற்களும் வேண்டும். தொடக்கத்தில் எச்சில் மிகும், பல் கூசும், காலையில் கடி பொருந்தாமல் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல முன்பற்களின் அமைவே சிறிது மாறிவிடுவதும் உண்டு. ஆகவே கருவியைக் கொடுத்து அனுப்பிவிடுவது சிகிச்சையின் முடிவாகாது. அணிந்த நிலையில் மீண்டும் உறக்கச் சோதனை செய்து பார்த்தால்தான் அது சிகிச்சை, செய்யாவிட்டால் ஊகம்.

பிற வழிகளும் உள்ளன. பல்லில்லாதோர்க்கு, உதடுகளுக்கு வெளியே நிற்கும் சிறு குமிழின் உறிஞ்சுவிசையால் நாக்கை முன்நிறுத்தும் கருவி 1982 முதல் மருத்துவ இதழ்களில் பேசப்படுகிறது. இரு தாடைகளையும் வெட்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னகர்த்தும் அறுவைச் சிகிச்சை, எலும்பமைப்பே காரணமாக உள்ளவர்க்கு ஆற்றல் மிக்கது. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் அதன் வெற்றி வீதம் 86 விழுக்காடு; முழுமையாகக் குணமானோர் 43 விழுக்காட்டினர். குழந்தைகளிடம் பொதுவாக அடிநாச் சதையையும் மூக்கின் பின்புறச் சதையையும் நீக்குவதே முதல் வழி. அண்ணம் குறுகியிருந்தால் கம்பியமைப்பின் மூலம் அதனை விரிக்கும் முறையும் உண்டு. 2004இல் இத்தாலியில் 31 குழந்தைகளிடம் அது சிறந்த பலன் தந்ததாகப் பதிவாகியுள்ளது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு என்பதால் அதனை அளவோடு நம்ப வேண்டும். உடல் எடையைக் குறைக்கும் புதிய ஊசிமருந்துகளைப் பற்றிய நம்பிக்கை இன்று உலகெங்கும் பரவிவருகிறது. ஆசியர்கள் பலருக்கு எடை மிகாமலேயே இந்நோய் வருகிறது; முக எலும்பின் அமைப்பு அதற்கொரு காரணம். மருந்தால் எடை குறையலாம்; தாடை நீளாது.

இத்தனை இருந்தும் இந்தச் சிகிச்சை நோயாளியைச் சென்றடையாததற்கு அறிவியலின் குறை மட்டும் காரணமாகாது. துறைகளுக்கிடையே உள்ள சுவருக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1840இல் பால்டிமோரில் தனிப் பல் மருத்துவக் கல்லூரி எழுந்த நாள்முதல் பல் மருத்துவம் பொது மருத்துவத்திலிருந்து விலகியே வளர்ந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் அந்தப் பிரிவினையை உறுதிசெய்தது. 2019இல் மருத்துவத்திற்கும் 2023இல் பல் மருத்துவத்திற்கும் தனித்தனி ஆணையச் சட்டங்கள் வந்தன. தொழிலை ஒழுங்குபடுத்த இப்பிரிவினை தேவையாயிருக்கலாம். நோய்க்கு அது தெரியாது. நோயைக் கண்டறியும் உரிமை பெற்றவர் தாடையைப் பார்ப்பதில்லை. நாள்தோறும் தாடையைப் பார்ப்பவருக்கு நோயைக் கண்டறியும் உரிமை இல்லை. நுரையீரல் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் தத்தம் வாயிலில் நோயாளியை வரவேற்கின்றனர். பல் மருத்துவரின் வாயில் அந்த வரிசையிலேயே இல்லை.

காப்பீட்டிலும் இதே சுவர் நிற்கிறது. கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. வாய்க்கருவிக்குத் தங்க வேண்டியதில்லை. தனியார் காப்பீடுகளில் விபத்துக் காயம் தவிர்ந்த பல் சிகிச்சை பெரும்பாலும் விலக்கப்படுகிறது. ஆகவே, மூச்சு நிற்கும் நோய்க்கான கருவி, பல் மருத்துவர் செய்து தருகிறார் என்ற ஒரே காரணத்தால் 'பல் சிகிச்சை' ஆகி நோயாளியின் சட்டைப்பைக்குத் திரும்பிவிடுகிறது. வகைப்பாடு என்பது வெறும் பெயரிடல் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். நோயின் பெயரில் பதிந்தால் மருந்து. உறுப்பின் பெயரில் பதிந்தால் ஒப்பனை.

திருவனந்தபுரத்தை இங்கே தனித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நடந்துசெல்லும் தொலைவில் உள்ளன. சித்திரா நிறுவனத்தில் உறக்கக் கோளாறுகளுக்கென விரிவான மையம் இயங்குகிறது. அதே நிறுவனத்தின் பூஜப்புரைப் பிரிவில்தான் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வு உருவானது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அது, பின்னர் டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பாக எளியோர்க்கும் எட்டியது. அப்பிரிவில் பல் மருத்துவப் பொருட்களுக்கென ஓர் ஆய்வகமும் இயங்கியிருக்கிறது. உறக்கத்தை அளப்பவர், தாடையை அறிந்தவர், கருவியை உருவாக்கத் தெரிந்தவர் ஆகிய மூவரும் ஒரே நகரில் வாய்த்த இடங்கள் இந்தியாவில் மிகுதியாக இல்லை. இதய வால்வையே மலிவாக்கிக் காட்டிய நகரத்திற்குத் தாடைக் கருவி எட்டாத பொருளன்று.

என்ன செய்யலாம்? பெருஞ்செலவு கேட்காத நான்கு செயல்கள் உள்ளன.

முதலாவது, பல் மருத்துவப் புறநோயாளர் பிரிவின் பதிவுத்தாளில் சில வரிகள். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் செய்து தொண்டையின் இடைவெளியை வகைப்படுத்தும் முறையை 1985இல் வெளியிட்டார். பல் மருத்துவர் நாள்தோறும் காணும் காட்சி அது. ஓரங்களில் பல்தடம் பதிந்த நாக்கு, தேய்ந்த பற்கள், குறுகி உயர்ந்த அண்ணம், பின்தங்கிய தாடை ஆகியவற்றோடு எட்டே கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பேங் வினாநிரலையும் சேர்த்தால் ஐயத்திற்குரியவரை இனங்காணலாம். இனங்காண்பது வேறு, நோயறிவது வேறு. மூளையின் கட்டளை தவறுவதால் மூச்சு நிற்கும் மற்றொரு வகையும் உண்டு. அதற்குத் தாடைக் கருவி பயன்படாது. ஆகவே சோதனையின்றிக் கருவி தருவது கூடாது. கம்பி கட்டும் மருத்துவர்கள் நோயாளிகளைச் சலித்துப் பார்த்து அனுப்ப வேண்டும், நோயறிதலை மருத்துவரே செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பாளர் சங்கம் 2019இல் வகுத்த எல்லை இங்கும் பொருந்தும். கம்பி கட்டுவதற்காகப் பல் பிடுங்கியதால்தான் இந்நோய் வந்தது என்ற பரவலான அச்சத்திற்குச் சான்றில்லை என்பதையும் அவ்வறிக்கை தெளிவுபடுத்தியது.

இரண்டாவது, உறக்கச் சோதனை அறிக்கையின் இறுதியில் பற்கள், ஈறு, தாடை பற்றிய ஒரு வரியும், எந்திரத்தை ஏற்காதவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பும் குறிப்பும். மூன்றாவது, கருவி பொருத்திய பின் மறுசோதனைக்குக் கட்டணச் சலுகை. 'சோதனை வசதியே போதாத நாட்டில் இரண்டாம் சோதனையா?' என்று கேட்கப்படும். வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் இன்று உள்ளன. அளக்காமல் தரும் ஆயிரம் கருவிகளைவிட அளந்து தரும் நூறு பயனுடையவை.

நான்காவது, மொழி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாயிருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இன்றும் நோயாளிகள் இந்த வளாகத்திற்கு வருகின்றனர். மலையாளத்தில் தாடையெலும்பு 'தாடியெல்லு'. தமிழ்க் காதுக்குத் தாடி என்பது மயிர். பகல் உறக்கத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் எப்வொர்த் அளவுகோல் 1991இல் மெல்போர்னில் உருவானது. அதன் எட்டுச் சூழல்களுள் இரண்டு காரில் நிகழ்பவை. காரே இல்லாதவர், பேருந்தில் நின்றுகொண்டு வருபவர், செய்தித்தாள் படிக்காதவர் அதற்கு எப்படி விடையளிப்பார்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிவம் நிரம்பும், நோய் அகப்படாது. மொழியியல் மாணவரும் மருத்துவ மாணவரும் இணைந்து செய்ய வேண்டிய பணி இது. "மூச்சுத் திணறுகிறதா?" என்பதற்கு மாற்றாக, "நீங்கள் தூங்கும்போது மூச்சு நின்றுநின்று வருகிறது என்று வீட்டில் யாரேனும் சொன்னதுண்டா?" என்று கேட்க வேண்டும். தனியாகப் படுப்பவரிடம் வேறு கேள்வி வேண்டும்: காலையில் தலைவலி உண்டா, எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு நீங்கவில்லையா, அமர்ந்த இடத்தில் கண் அயர்கிறதா? குறட்டையை இழுக்காக எண்ணி மறைக்கும் பெண்களிடம் இதனை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

பல் மருத்துவர் சி-பாப் எந்திரத்தின் எதிரி அல்லர். மருத்துவருக்குப் போட்டியும் அல்லர். கடுமையான நோய்க்கு எந்திரமே முதலில் நிற்கட்டும். அது அலமாரிக்குப் போகும் நாளில் நோயாளியைக் கைவிடாமல் அடுத்த கட்டடத்திற்கு அனுப்பும் ஒரு சீட்டு போதும். திருவனந்தபுரத்தில் அந்தக் கட்டடம் சில நிமிட நடைதான்.